டி.எல். சரியில்லை: தாங்குவதா, மாறுவதா, பேப்பர் போடுவதா?

வீட்டிலிருந்து கஸ்டமர் சப்போர்ட் பார்ப்பவர்கள் கஸ்டமரைப் பற்றிப் புலம்புவது குறைவு. எவ்வளவு கத்துகிற கஸ்டமரும் பத்து நிமிஷத்தில் லைனை வைத்துவிடுவார். டீம் லீடர் (டி.எல்.) வைக்க மாட்டார். ஷிஃப்ட் முடிந்து, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுகிற நேரத்திலும் வாட்ஸ்அப் குரூப்பில் "இன்னைக்கு சி-சாட் ஏன் இவ்ளோ லோ? எல்லாரும் ரிப்ளை பண்ணுங்க" என்று வந்து நிற்பார். (சி-சாட் என்பது கஸ்டமர் தரும் திருப்தி மதிப்பெண்.)

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "பேப்பர் போட்டுடட்டுமா?" அதாவது, ராஜினாமா செய்துவிடட்டுமா? நான் சில வருஷம் கால் எடுத்து, பிறகு குவாலிட்டிக்கு மாறி, அடுத்தவர் கால்களைக் கேட்டு மார்க் போடுகிற வேலையும் பார்த்தாயிற்று. அதனால் சட்டென்று ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அங்கேயே இருந்து சமாளிக்கலாம். அதே கம்பெனிக்குள் வேறு ப்ராசஸுக்கு, அதாவது வேறு வேலைப் பிரிவுக்கு மாறலாம். வேறு கம்பெனியில் வீட்டு வேலையோ, சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஆபீஸ் வேலையோ பிடிக்கலாம். எதுவும் கையில் இல்லாமலே விலகலாம். இதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைச் சம்பளத்தை வைத்து முடிவு செய்வதைவிட, கோளாறு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வது நல்லது.

கோளாறு எங்கே?

"மேனேஜ்மென்ட் சரியில்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். வாடகை வீட்டில் கீழ்வீட்டுக்காரர் தொல்லை என்றால் மாடி மாறினால் போதும்; ஓனரே தொல்லை என்றால் வீடு மாற வேண்டும்; ஏரியாவே மழைக்கு மிதக்கிறதென்றால் ஏரியாவைக் காலி செய்ய வேண்டும். இங்கேயும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் ப்ராசஸிலேயே அடுத்த டீமில் இருக்கும் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். "உங்க டி.எல். பிரேக் எப்படித் தர்றாங்க? லீவ் கேட்டா என்ன சொல்றாங்க?" அங்கே ஒழுங்காக இருக்கிறதென்றால் உங்கள் பிரச்சினை ஒரு ஆள். போன மாதம்வரை நன்றாகக் கால் எடுத்துக்கொண்டிருந்தவரை, ஆளை நடத்தக் கற்றுத்தராமல் பதினைந்து பேருக்குத் தலைவராக்கி உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும். அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட உண்டு. ஆனால் அந்தப் பரிதாபத்துக்கு உங்கள் ராத்தூக்கம் விலையாக வேண்டியதில்லை.

எல்லா டீமும் ஒரே பாட்டைப் பாடினால் கோளாறு ப்ராசஸில். ஏ.எச்.டி. (ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம்) இலக்கு இத்தனை நிமிஷம், ஹோல்ட் இத்தனை நொடி, ஸ்கிரிப்டில் ஒரு வார்த்தை விட்டால் ஃபேட்டல் (மொத்த மார்க்கும் போகும் தப்பு) என்பதெல்லாம் பெரும்பாலும் கிளையன்ட் ஒப்பந்தத்திலிருந்து இறங்கி வருபவை. டி.எல்.லை மாற்றினாலும் அவை மாறாது.

மூன்றாவது ரகம் கம்பெனியே சரியில்லாதது. சம்பளம் பத்தாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று தள்ளிப்போகும். இன்சென்டிவ் "அப்ரூவல்ல இருக்கு" என்றே இருக்கும். பே-ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்திருப்பார்கள், பாஸ்புக்கில் ஏறியிருக்காது. கடைசியாகச் சொன்னதை இன்றைக்கே பார்த்துவிடலாம். யு.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) ஆக்டிவேட் ஆகி, உங்கள் மொபைல் நம்பர் அதில் இருந்தால், 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். கடைசியாகக் கட்டிய தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். உமங் ஆப்பில் மாதவாரியாகவே தெரியும். மாதக்கணக்கில் பணம் ஏறவில்லையென்றால் ஐ.ஜே.பி. (கம்பெனிக்குள்ளேயே வேறு வேலைக்கு அப்ளை செய்வது), கவுன்சலிங், பொறுமை எதுவும் வேண்டாம். நேராக வேறு கம்பெனி தேடுவது பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

வீட்டிலிருந்து பார்க்கும்போது ஏன் கூடுதலாக வலிக்கிறது?

கால் சென்டர் வேலை இப்படி வீட்டுக்குள் வந்தது சமீபத்தில்தான். 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை பி.பி.ஓ.க்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. 2021 ஜூனில் இன்னும் தளர்த்தியது. அதற்கு முன் ஒரு ஏஜென்ட் வீட்டிலிருந்து கால் எடுக்க வேண்டுமென்றால் பதிவு, அனுமதி என்று ஏகப்பட்ட கெடுபிடி. விதி தளர்ந்த வேகத்துக்கு மேனேஜர்கள் பழகவில்லை. ஃப்ளோரில் நடந்துபோய்ப் பார்த்து நிர்வாகம் செய்து பழகியவர்கள், ஆள் கண்ணில் படவில்லை என்றதும் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்த்து நிர்வாகம் செய்கிறார்கள்.

அது எப்படி இருக்கும் என்பதற்கு நான் ஆடிட் செய்த ஒரு கால். இங்கிலாந்துக் கஸ்டமர், திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் வரவில்லை. ஏஜென்டின் வரம்பைத் தாண்டிய தொகை என்பதால் டி.எல். அப்ரூவல் வேண்டும். ஏஜென்ட் கஸ்டமரை ஹோல்டில் போட்டுவிட்டு சாட்டில் "மேம், அப்ரூவல் ப்ளீஸ்" என்று அனுப்புகிறார். பதில் இல்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை லைனுக்கு வந்து "தேங்க் யூ ஃபார் ஹோல்டிங்" சொல்லிவிட்டு மறுபடி "மேம்?" "மேம், கஸ்டமர் வெயிட்டிங்." மெசேஜ் பார்த்ததற்கான குறி விழுந்திருக்கிறது, பதில் மட்டும் இல்லை. ஆறாவது நிமிஷம் கஸ்டமர் பொறுமை இழந்து வைத்துவிட்டார்; சர்வேயில் ஒரு ஸ்டார். ஹோல்ட் அதிகம், ஏ.எச்.டி. அதிகம், டி-சாட் (அதிருப்தி மதிப்பெண்). எல்லாம் ஏஜென்ட் கணக்கில். ஆடிட் ஃபார்மில் "டி.எல். பதில் தரவில்லை" என்று எழுத ஒரு கட்டமே கிடையாது, குறிப்புப் பகுதியில் நானாக எழுதினால்தான் உண்டு.

ஃப்ளோரில் இதே ஏஜென்ட் கையைத் தூக்கியிருப்பார். பக்கத்து மேசை வரிசையில் இருந்த இன்னொரு டி.எல். எட்டிப் பார்த்து அப்ரூவ் செய்திருப்பார். யாராவது ஒருவரைத் திட்டினால்கூட இருபது பேர் காதில் விழும். பிறகு காபி மெஷின் பக்கம் "விடு மச்சி" என்று சொல்ல ஒருத்தர் இருப்பார். வீட்டில் அந்த இருபது பேர் இல்லை. ஒன்-ஆன்-ஒன் காலில் என்ன சொன்னாலும் சாட்சி இல்லை. எந்த வழியை எடுத்தாலும் இந்த சாட்சிக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அங்கேயே இருப்பது

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கூடுவாஞ்சேரியிலோ ஆவடியிலோ சொந்த வீடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, படுக்கையில் மாமியார் என்றிருப்பவருக்கு வீட்டு வேலை என்பது சம்பளத்தோடு சேர்ந்த இன்னொரு சம்பளம். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், பிரசவ விடுப்பை எதிர்பார்த்திருப்பவர், பரீட்சைக்குப் படிப்பவர் ஆகியோருக்கும் கொஞ்ச காலம் இருப்பது லாபம்.

ஆனால் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதும், எழுத்தில் பிடித்து வைத்துக்கொண்டு இருப்பதும் வேறு வேறு. வாய்மொழியாக எது சொன்னாலும் ஒரு மெயில் போடுங்கள்: "இன்றைய ஹடிலில் (டீம் மீட்டிங்கில்) சொன்னபடி என் வீக்-ஆஃப் ஞாயிறிலிருந்து புதனுக்கு மாறுகிறது என்று புரிந்துகொண்டேன். தவறிருந்தால் தெரிவிக்கவும்." இரண்டு வரி. சண்டைக்கான தொனியே வேண்டாம். இப்படி நாலு மெயில் போனதும் பாதி டி.எல்.கள் வாயை எண்ணித் திறக்க ஆரம்பிப்பார்கள்.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று கஸ்டமர் விவரம் தெரிகிற ஸ்கிரீனை போனில் படம் எடுக்காதீர்கள். ஆபீஸ் மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் டேட்டா பிரீச் என்று ஒரே நாளில் அனுப்பிவிடுவார்கள், பிறகு உங்களுக்காக யாரும் பேச முடியாது. தேதி, நேரம், கால் ஐ.டி., யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். ஆஃபர் லெட்டர், பே-ஸ்லிப் போன்ற உங்கள் சொந்தக் காகிதங்களை மட்டும் வெளியே சேமியுங்கள்.

எழுத்து எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மேடவாக்கத்தில் இருக்கும் என் தோழி வீட்டில் கரண்ட் போய், டவரும் போய், மாடி வீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சிக்னல் வந்த ஒரு நிமிஷத்தில் டி.எல்.லுக்கு மெசேஜ் அனுப்பினாள். வந்த பதில்: "ஆபீஸ் வந்து லாகின் பண்ண முடியுமா?" தெருவில் இடுப்பளவு தண்ணி. வராத நாட்களை எல்.ஓ.பி., அதாவது சம்பளமில்லாத நாள் என்று போட்டுவிட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசு விடுமுறை விட்ட அறிவிப்பு, தெருவின் போட்டோ, தான் அனுப்பிய மெசேஜின் நேரம் மூன்றையும் வைத்து எச்.ஆர்.ருக்கு மெயில் போட்டு, டி.எல்.லுக்கு மேலே இருக்கும் ஏ.எம்.மை (அசிஸ்டென்ட் மேனேஜரை) சி.சி.யில் வைத்தாள். அடுத்த மாதச் சம்பளத்தில் பணம் திரும்பி வந்தது. டி.எல். அதன்பிறகு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது போனஸ்.

புயல் எப்போதாவது வருவது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் மதியம் 2 மணிவரை ஈ.பி.க்காரர்கள் கரண்டை நிறுத்துவது அடிக்கடி வருவது. முந்தின நாளே பேப்பரில் ஏரியா பெயரோடு வரும். அதைப் பார்த்ததும் ஷிஃப்ட் மாற்றம் கேட்டு எழுதிவிடுங்கள். "பவர் பேக்கப் ஊழியர் பொறுப்பு" என்று வீட்டு வேலை ஒப்பந்தத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்றும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் படித்திருக்க மாட்டோம்.

ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருப்பவர்கள் பலர் பயன்படுத்தாமலே விடுகிற ஒரு வசதியும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களிடமிருந்து 0.75 சதவீதமும் கம்பெனியிடமிருந்து 3.25 சதவீதமும் போகிறது. தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை, முதுகுவலி, மன அழுத்தம் என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், சந்தா நாள் கணக்கு சரியாக இருக்கும்பட்சத்தில், வருஷத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் பெரிய ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளே இருக்கின்றன. கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும். ஆனாலும் அவசரத்தில் பேப்பர் போடுவதற்கு முன் மூச்சுவிட ஒரு இடைவெளி அதில் கிடைக்கும்.

டி.எல்.லின் தொல்லை வேலையைத் தாண்டி ஆபாசப் பேச்சு, ராத்திரி வீடியோ கால் என்று போனால் அது "சமாளிக்கிற" விஷயமே கிடையாது. 2013-ஆம் வருஷப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும் அது பணியிடம்தான்.

உள்ளுக்குள்ளேயே மாறுவது

கோளாறு ஒரு ஆளிடமோ ஒரு ப்ராசஸிலோ மட்டும் இருந்தால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். கம்பெனி மாறாது, வீட்டு வேலை மாறாது, பி.எஃப். தொடர்ச்சி மாறாது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) ஐந்து வருஷம் நெருங்குகிறவர்களுக்கு இன்னும் ஒரு காரணம். அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஐந்து வருஷத்துக்குப் பார்த்தால் சுமார் 34,600 ரூபாய். நாலரை வருஷத்தில் கோபத்தில் கிளம்பினால் அது கேள்விக்குறியாகும்.

தடை எங்கே வருமென்றால், ஐ.ஜே.பி.க்குப் பெரும்பாலான இடங்களில் இப்போதைய ப்ராசஸில் குறைந்தபட்ச மாதக்கணக்கு, குவாலிட்டி மதிப்பெண், வார்னிங் லெட்டரோ பி.ஐ.பி.யோ (ஸ்கோரை ஏற்றச் சொல்லிக் கெடு வைப்பது) இல்லாத ரெக்கார்டு, போதாக்குறைக்கு டி.எல். ஒப்புதல் எல்லாம் கேட்பார்கள். எந்த டி.எல்.லிடமிருந்து தப்ப நினைக்கிறீர்களோ அவரே கதவைத் திறக்க வேண்டும். அதனால் காத்திருந்து கடைசியில் போகாதீர்கள். ஸ்கோர் நன்றாக இருக்கிற மாதத்திலேயே, பி.ஐ.பி. பேச்சு வருவதற்கு முன்பே அப்ளை செய்யுங்கள். இன்டர்வியூவில் டி.எல்.லைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "வேற டொமைன் கத்துக்கணும் சார்" போதும். எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் டி.எல்.லோடு ஒரே பேட்ச்சாக இருக்கலாம்.

ஐ.ஜே.பி. இல்லாமலே ஷிஃப்ட் மாற்றம் கேட்பது இதைவிட மலிவான வழி. யு.எஸ். ஷிஃப்டிலிருந்து யு.கே. ஷிஃப்டுக்குப் போனால் பல இடங்களில் டி.எல். தானாகவே மாறிவிடுவார். "உடம்புக்கு நைட் ஷிஃப்ட் ஒத்துக்கலை" என்று டாக்டர் சீட்டோடு கேட்டால் யாருக்கும் மனஸ்தாபமில்லை. நைட் அலவன்ஸ் போகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாய்ஸிலிருந்து சாட் ப்ராசஸுக்கு ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாட் என்றால் கத்துகிற குரல் இல்லை, உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேரோடு பேச வேண்டும், மூன்று பேருக்கும் ஒரு நிமிஷத்துக்குள் பதில் போக வேண்டும், ஒருவருக்கான பதிலை இன்னொருவருக்கு ஒட்டிவிட்டால் ஃபேட்டல். சுகமென்று நினைத்துப் போய்த் திரும்பி வந்தவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

வேறு கம்பெனி: மறுபடியும் வீடா, ஆபீஸா?

இங்கேதான் கணக்கு சிக்கலாகும். மறுபடியும் வீட்டு வேலைக்கே போனால், கெட்ட நிர்வாகத்தில் மாட்டும் ஆபத்து அப்படியே இருக்கிறது. இந்த முறை ஆளே தெரியாத இடம். ஆபீஸுக்குப் போனால் சாட்சி, நட்பு, கையைத் தூக்கினால் உதவி எல்லாம் திரும்பக் கிடைக்கும், ஆனால் ஓ.எம்.ஆர். இருக்கிறதே.

பணத்தை முதலில் பார்ப்போம். வீட்டில் இருந்தால் செலவே இல்லை என்பது பொய். நைட் ஷிஃப்டில் ஏ.சி., மானிட்டர், ரவுட்டர் ஓடினால் இரண்டு மாத ஈ.பி. ரீடிங்கில் தெரியும். முதல் கொஞ்சம் யூனிட் இலவசம்தான். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே போனதற்கு மட்டுமில்லாமல் கீழ் யூனிட்டுகளுக்கும் ரேட் கூடும். பிராட்பேண்ட், இன்வெர்ட்டர் பேட்டரி, நாற்காலி எல்லாம் உங்கள் கைக்காசு என்றால் அதையும் சேருங்கள்.

ஆபீஸ் பக்கம் பார்த்தால், எம்.டி.சி.யின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருந்தால் சாதா, எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என எதில் வேண்டுமானாலும் ஏறலாம், ஏ.சி. பஸ்ஸையும் சேர்த்தால் 2,000. பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம். அவசரத்துக்கு அது வர வேண்டும், அவ்வளவுதான். காசைவிட நேரம்தான் கடி. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ வழித்தடத்துக்காக ஓ.எம்.ஆர். தோண்டப்பட்டதிலிருந்து பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் பஸ்ஸில் நின்றவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி, தரமணி என்றால் ரயில் கைகொடுக்கும். தாம்பரத்தில் இருப்பவர் சிறுசேரி ஆஃபரையும் கிண்டி ஆஃபரையும் வெறும் சி.டி.சி.யை (வருஷ மொத்தச் சம்பளத் தொகையை) வைத்து ஒப்பிடக் கூடாது. 2,000 ரூபாய் குறைவாக இருந்தாலும் நான் கிண்டியைத்தான் எடுப்பேன்.

இன்டர்வியூவில் கேப் பற்றிக் கேட்கும்போது "கேப் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டு வாசல் வரையா, மெயின் ரோடு வரையா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேளுங்கள். ராத்திரி மூன்றரைக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும் கேபும் கேப்தான்.

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இரண்டு வருஷம் முடிக்காதவர்களும், வீட்டில் தனி அறை இல்லாதவர்களும் ஒருமுறை ஆபீஸ் வேலையை எடுப்பது நல்லது. ஹால் மூலையில், டி.வி. சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே கால் எடுக்கிறவர் மேனேஜரிடம் வாங்கும் திட்டில் பாதி, வீட்டால் வருவது. அதோடு, நல்ல டி.எல். எப்படி இருப்பார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால்தான் கெட்ட டி.எல்.லை அடையாளம் காண முடியும். 2020-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பல பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. எந்நேரமும் வெப்கேமை ஆன் செய்து வைக்கச் சொல்வதுதான் நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடியும் வீட்டு வேலைதான் வேண்டும் என்பவர்கள் ஆஃபருக்குத் தலையாட்டும் முன் சிலதைக் கேட்டுவிடுங்கள். லேப்டாப் அவர்களுடையதா? கரண்ட் போனால் என்ன விதி? ஒரு டி.எல்.லுக்குக் கீழே எத்தனை பேர்? சம்பளத்தில் எவ்வளவு வேரியபிள், அது எந்த ஸ்கோரோடு கட்டப்பட்டிருக்கிறது? நான் எப்போதும் கடைசியில் கேட்கச் சொல்வது: "போன வருஷம் இந்த ப்ராசஸ்ல சேர்ந்த பேட்ச்சுல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" எண் வருகிறதா, "அட்ரிஷன் (ஆள் விலகுறது) எல்லா இடத்திலும் இருக்கு மேடம்" என்று வருகிறதா என்று பாருங்கள். லேப்டாப்புக்கு டெபாசிட், ட்ரெய்னிங்குக்குப் பணம், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுத்துவைக்கச் சொல்வது, இதில் எது வந்தாலும் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

சம்பள உயர்வில் ஒளிந்திருக்கும் பள்ளமும் ஒன்று உண்டு. 20,500 வாங்குபவர் 22,000-க்கு மாறினால் ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வருகிறார். வீட்டில் சர்க்கரை, பி.பி. என்று மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மருந்து வாங்கும் அம்மா இருந்தால், கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் பெற்றோரையும் சேர்க்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பல இடங்களில் மனைவி, கணவன், பிள்ளைகளோடு நின்றுவிடும்.

கையில் ஒன்றுமில்லாமல் பேப்பர் போடுவது

நண்பர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: "தூக்கிப் போட்டுட்டு வாடா." அவர்கள் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப் போவதில்லை. வாடகை, இ.எம்.ஐ., மளிகை, ஃபீஸ் எல்லாம் சேர்த்து நாலு மாதச் செலவு கையில் இருந்தால் யோசிக்கலாம். தூக்கம் போய், சாப்பாடு போய், லாகின் நேரம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறது என்ற நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டாம். மற்றபடி ஆஃபர் வரும்வரை தாங்குவதே மேல், ஏனென்றால் வேலையில் இருப்பவருக்கு எச்.ஆர். சொல்லும் சம்பளமும் வேலையில்லாதவருக்குச் சொல்லும் சம்பளமும் ஒன்றாக இருப்பதில்லை.

சொல்லாமல் லாகினை நிறுத்திவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். சிஸ்டத்தில் "அப்ஸ்கான்டிங்" (சொல்லாமல் ஓடியவர்) என்று ஏறிவிட்டால் ரிலீவிங் லெட்டர் வராது, அடுத்த கம்பெனியின் பின்னணிச் சோதனையில் அது முகத்தில் அடிக்கும்.

இதன் மறுபக்கம், அவர்களே உங்களைக் கிளம்பச் சொல்வது. திடீரென்று ஒரு வீடியோ கால், ஓ.எம்.மும் (ஆபரேஷன்ஸ் மேனேஜரும்) எச்.ஆர்.ரும் உட்கார்ந்திருப்பார்கள். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும், இப்பவே மெயில் போடுங்க." அந்தக் காலிலேயே மெயில் போடாதீர்கள். "யோசிச்சு எழுத்துல பதில் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நீங்களாக ராஜினாமா எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். கூட நிற்க ஆள் வேண்டுமென்றால், ஐ.டி., பி.பி.ஓ. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. சென்னையில் அப்படிச் செயல்படும் சங்கங்களும் இருக்கின்றன.

விலகிய பிறகு சம்பளப் பாக்கி. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும் என்கிறது. "எஃப் அண்ட் எஃப் (கடைசிக் கணக்கு முடிப்பு) நாற்பத்தைந்து நாள் ஆகும்" என்று பழைய பாட்டையே பாடும் எச்.ஆர்.ருக்கு இதைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுவதில் தப்பில்லை. பி.எஃப். பணத்தைக் கையோடு எடுத்துவிடவும் வேண்டாம். மொத்தச் சர்வீஸ் ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருந்து, தொகை 50,000-க்கு மேலே போனால் வரி பிடிப்பார்கள். பத்து வருஷம் சேர்ந்தால் கிடைக்கும் பென்ஷன் தகுதியும் தள்ளிப்போகும். அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன் என்று விலகுகிறவர்கள் தனி ரகம். வேலையில் இருந்துகொண்டே காலை நேரத்தில் படிக்க யு.கே. ஷிஃப்ட் தோதானது. குரூப் 4 எழுதி முடிவு வரும்வரை சம்பளம் வந்துகொண்டிருந்தால் வீட்டில் பேச்சு குறையும்.

எந்த வழியில் வெளியே வந்தாலும் கடைசி நாள் வேலை ஒன்று இருக்கிறது: லேப்டாப், ஹெட்செட், டோக்கன் திரும்பக் கொடுப்பது. கூரியர் ஆள் வருவார் என்பார்கள். வந்தால் சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுத்து, எதெது கொடுத்தோம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் நீங்களே ஆபீஸுக்குப் போய் ஐ.டி. டெஸ்க்கில் கொடுத்துவிட்டு, அசெட் க்ளியரன்ஸ் மெயில் உங்கள் சொந்த ஐ.டி.க்கு வந்ததைப் போனில் பார்த்த பிறகு லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். சார்ஜர் வரவில்லை என்று சொல்லி எஃப் அண்ட் எஃப்-பில் பிடித்தம் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது.